மருந்துச்சீட்டு ஒன்று, இருமல் இரண்டு

பிள்ளை ஒரு மாதமாக இருமுகிறது. ரத்தப் பரிசோதனையில் குறையில்லை. எக்ஸ்ரேயிலும் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. இரண்டு மருத்துவர்களைப் பார்த்தாயிற்று. இருவரும் எழுதிக் கொடுத்தது ஏறக்குறைய ஒன்றுதான்: ஓர் இன்ஹேலர், இரவில் ஒரு மான்டிலுகாஸ்ட் மாத்திரை, ஒரு சிரப். இருமல் அசையவில்லை. காரணமே பிடிபடாத இருமல் என்று வீட்டில் பேச ஆரம்பிப்பது இந்தக் கட்டத்தில்தான்.

இப்படிப் பேசப்படும் பிள்ளைகளில் பலருக்குக் காரணம் பிடிபடக்கூடியதே. அதற்கு இரண்டு இருமல்களை அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்று, நெடுநாள் பாக்டீரிய மூச்சுக்குழல் அழற்சி. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரக் குழந்தை மருத்துவர்கள் 2006இல் இதற்கு வரையறை கொடுத்தார்கள். மற்றது பழக்க இருமல். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் மைல்ஸ் வைன்பெர்கர் பல பத்தாண்டுகளாகப் பார்த்துப் பதிவு செய்தது. முதலாவதற்கு நாம் வழக்கமாகக் கொடுப்பதைவிட நீண்ட நாள் மருந்து வேண்டும். இரண்டாவதற்கு மருந்தே வேண்டாம். நடைமுறையில் இரண்டுக்கும் கிடைப்பது ஆஸ்துமா மருந்து.

முதலில் எது அதிகம், எது இயல்பு என்று பார்த்துவிடுவோம். இருமலே இல்லாத பிள்ளை கிடையாது. லண்டனில் 1996இல் முனியார்டும் ஆண்ட்ரூ புஷ்ஷும் சளியோ காய்ச்சலோ இல்லாத பிள்ளைகளின் இருமலை 24 மணி நேரம் கருவியில் பதிந்து எண்ணினார்கள். சராசரியாக நாளுக்கு 11 தடவை. ஒரு பிள்ளை 34 தடவை. ஜலதோஷத்தோடு வரும் இருமல் பத்தில் ஒன்பது பிள்ளைகளுக்கு 25 நாளுக்குள் அடங்கிவிடும் என்கிறது 2013இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஒரு தொகுப்பாய்வு. ஜலதோஷம் பிடித்த பிள்ளை மூன்று வாரம் இருமினால் பதற வேண்டியதில்லை என்று அர்த்தம். அமெரிக்க, ஆஸ்திரேலிய வழிகாட்டுதல்கள் 4 வாரத்தை எல்லையாக வைக்கின்றன. இந்தியாவில் அவ்வளவு பொறுக்க முடியாது. காசநோய் உள்ள நாடு என்பதால் 2 வாரத்திலேயே அதை நினைத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். அந்த விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

முதல் இருமல் பெரும்பாலும் பள்ளிக்கூட வயதுக்கு முந்திய பிள்ளையுடையது. இரண்டரை, மூன்று வயது இருக்கும். இருமும்போது உள்ளே சளி உருளும் சத்தம் கேட்கும். முதுகில் கை வைத்தால் கர்கர்ரென்று கைக்கே தெரியும். ஆனால் சளி வெளியே வராது. இந்த வயதில் காறித் துப்பத் தெரியாது, விழுங்கிவிடும்; சில சமயம் வாந்தியாக எடுக்கும். படுத்தால் இருமும், காலையில் எழுந்தால் இருமும், ஓடினால் இருமும். காய்ச்சல் இருக்காது, விளையாட்டும் குறைந்திருக்காது. ‘நெஞ்சுல சளி கட்டிக்கிடக்கு’ என்று பாட்டி சொல்வார். பாட்டி சொல்வது சரிதான்.

இரண்டாவது இருமல் பத்து வயதுப் பிள்ளையுடையது. சாதாரண ஜலதோஷத்தில் தொடங்கியிருக்கும். மூக்கொழுகல் நின்று வாரக்கணக்கான பிறகும் இருமல் மட்டும் போகாது. வறட்டு இருமல், குரைப்பதுபோல உரத்த ஒலி, ஒரே தாளத்தில், மோசமான நேரங்களில் நிமிடத்துக்குப் பல தடவை. பாடம் நடத்த முடியவில்லை, வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று பள்ளியிலிருந்து போன் வரும். வீடே கலங்கிக் கிடக்க, பிள்ளை மட்டும் அதைப் பற்றி அவ்வளவாக அலட்டிக்கொள்ளாது. இரவில் படுத்த பிறகும் கொஞ்ச நேரம் இருமும். கண்ணயர்ந்ததும் இருமல் நின்றுவிடும். குறைவதில்லை, அடியோடு நிற்கும். விடிந்து எழுந்து சற்று நேரத்தில் மறுபடி தொடங்கும்.

கேட்டால் இவ்வளவு வித்தியாசம் தெரிகிற இரண்டும் ஒரே மருந்துச்சீட்டுக்குள் போய்ச் சேர்ந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. 1979இல் கொராவோ, பிரேமன், இர்வின் என்ற மூன்று அமெரிக்க மருத்துவர்கள், இழுப்பே இல்லாமல் வெறும் இருமலாக மட்டும் வெளிப்படும் ஆஸ்துமாவை விவரித்தார்கள். அவர்கள் பார்த்தது பெரியவர்களை. 1983இல் இங்கிலாந்தின் நியூகாசிலிலிருந்து ஸ்பைட்டும் அவருடைய சகாக்களும் இன்னொரு கட்டுரை எழுதினார்கள்: பள்ளிப் பிள்ளைகள் பலருக்கு ஆஸ்துமா இருந்தும் யாரும் அப்படிப் பெயர் சொல்லவில்லை, சரியான மருந்தும் கொடுக்கவில்லை என்று. நியாயமான புகார். அதுவரை இழுப்போடு வந்த பிள்ளைக்கும் ‘பிராங்கைட்டிஸ்’ என்று பெயர் வைத்து ஆன்டிபயாடிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் தவறு திருத்தப்பட்டதில் எத்தனையோ பிள்ளைகள் நிம்மதியாக மூச்சுவிட்டார்கள்.

ஆனால் திருத்தம் வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. இருமினாலே ஆஸ்துமா என்றாயிற்று. பிள்ளைகளின் மூச்சுக்குழலில் பாக்டீரியா நாட்கணக்கில் தங்கியிருக்கும் என்று பேசுவது பழம்பஞ்சாங்கமாகப் பார்க்கப்பட்டது. இன்ஹேலருக்கு இருமல் கேட்கவில்லையென்றால், ‘இது ஆஸ்துமாதானா?’ என்று கேட்பதற்குப் பதிலாக இன்ஹேலரின் அளவைக் கூட்டினார்கள். அதற்கும் கேட்காவிட்டால் ஸ்டீராய்டு மாத்திரை. அயோவாவுக்கு வந்த பழக்க இருமல் பிள்ளைகளில் பலர் இந்தப் படிகளையெல்லாம் ஏறி முடித்துவிட்டு வந்தவர்கள்.

இரண்டையும் மீட்டெடுத்தவர்களின் வழி வேறு வேறு. அயோவாவில் நடந்தது அனுபவத்தின் சேகரம். 1966இலேயே பெர்னார்ட் பெர்மன் என்ற அமெரிக்க ஒவ்வாமை மருத்துவர், வளரிளம் பிள்ளைகள் சிலரின் விடாத இருமலைப் பேச்சினால் மட்டுமே நிறுத்தியதாக எழுதியிருந்தார். அதை முன்மாதிரியாகக் கொண்டு வைன்பெர்கரின் குழு 1991இல் ஒன்பது பிள்ளைகளைப் பற்றிய சிறு கட்டுரையை வெளியிட்டது. ஒன்பது என்பது ஆராய்ச்சி உலகத்தில் கையளவு. அவர் விடவில்லை. 2016இல், இருபதாண்டுகளில் பார்த்த 140 பிள்ளைகளின் கணக்கை எடுத்து வைத்தார். மருத்துவமனைக்கு வந்தபோது இருமிக்கொண்டிருந்து, அங்கேயே பேச்சுச் சிகிச்சை பெற்றவர்களில் 95 சதவீதம் பேருக்கு அந்த ஒரே அமர்வில் இருமல் நின்றிருந்தது.

பிரிஸ்பேனில் நடந்தது ஒழுங்கான தேடல். ஜூலி மார்ச்சன்ட், ஆன் சாங் இருவரும் அவர்களுடைய சகாக்களும் நாட்பட்ட இருமலோடு அனுப்பப்பட்ட 108 பிள்ளைகளை வரிசையாக எடுத்து, ஒவ்வொருவருக்கும் காரணம் தெரியும்வரை தொடர்ந்தார்கள். தேவைப்பட்டவர்களுக்கு மூச்சுக்குழலில் நுண்குழாய் விட்டு, உள்ளே கழுவி எடுத்த நீரைச் சோதித்தார்கள். பெரியவர்களின் நாட்பட்ட இருமலுக்குப் பாடப்புத்தகங்கள் சொல்லும் மூன்று காரணங்கள், அதாவது ஆஸ்துமா, இரைப்பை அமிலம் மேலேறுவது, மூக்கின் பின்புறச் சளி ஆகிய மூன்றும் சேர்ந்தே இந்தப் பிள்ளைகளில் பத்து சதவீதத்துக்கும் குறைவு. முதலிடத்தில், ஏறக்குறைய 40 சதவீதத்தில், இருந்தது யாரும் பெயர் சொல்லத் தயங்கிய பாக்டீரிய அழற்சி. ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுயன்சே, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நிமோனியே, மோராக்செல்லா என்று மூன்று கிருமிகள்தாம் பெரும்பாலும் பிடிபடுகின்றன. இதில் ஹீமோஃபிலஸ் நாம் தடுப்பூசி போடும் ‘பி’ வகையைச் சேர்ந்ததில்லை. ஆகவே எல்லா ஊசியும் போட்ட பிள்ளைக்கும் வரும். ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: அந்த 40 சதவீதம் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளின் கணக்கு. தெருவில் இருமும் பிள்ளைகளில் பத்துக்கு நான்கு பேர் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஒப்பீட்டில் எனக்கு மிகவும் பிடித்த இடம், இரண்டு இருமலும் தம்மைத் தாமே நீட்டித்துக்கொள்ளும் விதம். முதல் பிள்ளைக்கு ஒரு வைரஸ் ஜலதோஷம் வந்து மூச்சுக்குழலின் உட்சுவரைப் புண்ணாக்கிவிடுகிறது. சளியை மேலே தள்ள வேண்டிய நுண்ணிய மயிரிழைகள் செயலிழக்கின்றன. தேங்கிய சளியில் பாக்டீரியா பெருகுகிறது. அதை அடிக்க வெள்ளணுக்கள் திரண்டு வருகின்றன. அவை உமிழும் பொருள்கள் கிருமியோடு சேர்த்து மயிரிழைகளையும் சிதைக்கின்றன. சளி இன்னும் தேங்குகிறது. லண்டன் மருத்துவர் பீட்டர் கோல் 1980களில் மூச்சுக்குழல் விரிவு நோயை விளக்கச் சொன்ன இந்தச் சுழல்தான் இங்கும், அதன் ஆரம்பக் கட்டத்தில், நடப்பதாகக் கருதுகிறார்கள்.

இரண்டாவது பிள்ளையின் சுழலில் கிருமி இல்லை. ஜலதோஷத்தில் தொண்டை உறுத்தியது; பிள்ளை இருமியது. ஒவ்வோர் இருமலும் தொண்டையை இன்னும் உறுத்துகிறது. உறுத்தல் அடுத்த இருமலைக் கேட்கிறது. தொடக்கத்தில் இருந்த வைரஸ் போய்விட்டது. இப்போது இருமலுக்குக் காரணம் முந்தைய இருமல்தான். தூக்கத்தில் இந்தச் சுழல் அறுபடுகிறது. ஏனென்றால் இது மூளையின் விழிப்பு நிலையை நம்பி இயங்குவது. முதல் பிள்ளையின் சளிக்குத் தூக்கமும் விழிப்பும் ஒன்றே.

இந்த இடத்தில் ஒரு தவறான முடிவுக்குப் போகிறவர்கள் அதிகம். விழித்திருக்கும்போது மட்டும் வருகிறதென்றால் நடிப்பு என்கிறார்கள். பள்ளிக்கூடம் போகப் பிடிக்காமல் செய்கிறான், அம்மா மடியில் கிடக்க ஆசைப்பட்டுச் செய்கிறாள் என்று வீட்டுப் பெரியவர்கள் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். சில மருத்துவர்களும் மனநோய்ப் பட்டியலைத் திறந்துவிடுவார்கள். இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு மனநோய் எதுவும் கிடையாது. இருமும் உந்துதல் உண்மையானது. அது பொய்யாக எழுவதில்லை. அடக்கலாம் என்பது மட்டும் பிள்ளைக்குத் தெரியாது. அதட்டினால் போகாது. அதட்டும்போது எல்லோருடைய கவனமும் இருமலின் மேலேயே குவிகிறது, உந்துதலுக்கு அது தீனியாகிறது.

சுழலை எந்த இடத்தில் வெட்டுவது என்பதில் இரண்டும் முழுக்கப் பிரிகின்றன. பிரிஸ்பேன் வழி, அமாக்சிசிலின்-கிளாவுலனேட் போன்ற ஆன்டிபயாடிக்கை முழுதாக இரண்டு வாரம் கொடுப்பது. 2012இல் அவர்களே நடத்திய சோதனையில் 50 பிள்ளைகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, பாதிப் பேருக்கு இந்த மருந்தும் மீதிப் பேருக்கு மருந்தில்லாத போலி சிரப்பும் கொடுத்தார்கள். மருந்து வாங்கியவர்களில் 48 சதவீதம் பேருக்கு இருமல் நின்றது. போலி வாங்கியவர்களில் 16 சதவீதம். இந்த இரண்டு எண்களையும் நேர்மையாகப் படிக்க வேண்டும். ஆறில் ஒரு பிள்ளைக்கு மருந்தில்லாமலே நின்றிருக்கிறது. மருந்து கொடுத்தும் பாதிப் பேருக்கு இரண்டு வாரம் போதவில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு நான்கு வாரம் வரை நீட்டுகிறார்கள். நான்கு வாரத்துக்கும் அடங்காவிட்டால் மேலும் மருந்தைக் கொட்டுவதில்லை. மூச்சுக்குழல் விரிவு, நோயெதிர்ப்புக் குறை, சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ், உள்ளே சிக்கிய பொருள் என்று வேறு தேட வேண்டும்.

நம் ஊரில் இந்த மருந்து புதிதில்லை. ஐந்து நாள் கொடுக்கிறோம். மூன்றாம் நாள் வயிற்றுப்போக்கு வந்தால் அதற்கும் முன்பே நிறுத்துகிறோம். இருமல் குறைந்திருக்கும், நின்றிருக்காது. பத்து நாளில் திரும்பிவிடும். மறுபடி வேறொரு மருத்துவர், வேறொரு ஐந்து நாள். ஆண்டு முழுவதும் கூட்டிப் பார்த்தால், ஒரே முறை இரண்டு வாரம் கொடுத்திருந்தால் ஆகியிருக்கும் அளவைவிட அதிக ஆன்டிபயாடிக் அந்தப் பிள்ளையின் வயிற்றுக்குள் போயிருக்கும். இரண்டு வாரம் என்றதும் மருந்தெதிர்ப்பு பெருகிவிடுமே என்று கவலைப்படுகிறவர்கள் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். அவர்கள் கவலை தவறில்லை. அது இங்கே இடம் மாறி விழுகிறது. சளிச் சத்தமில்லாத வறட்டு இருமலுக்கு ஒரு நாள்கூட ஆன்டிபயாடிக் கொடுக்கக் கூடாது என்பதில் அந்தக் கவலையைக் காட்டட்டும்.

அயோவா வழிக்கு மருந்துக் கடையே தேவையில்லை. கால் மணி நேரம் போதும். மருத்துவர் பிள்ளைக்கு நேரெதிரே உட்கார்கிறார். இருமல் தொண்டையை உறுத்துவதையும், உறுத்தல் மறுபடி இருமலைக் கிளப்புவதையும் அதன் வயதுக்குப் புரியும்படி சொல்கிறார். உந்துதல் எழும்போது ஒரு நிமிடம் மட்டும் அடக்கிப் பார்க்கச் சொல்கிறார். வேண்டுமானால் வெதுவெதுப்பான நீர் ஒரு மிடறு. பிறகு கொஞ்சம் கூடுதலாக, இன்னும் கொஞ்சம் கூடுதலாக. ஒவ்வொரு தடவையும் அடக்க முடிகிறது என்பதைப் பிள்ளையின் வாயாலேயே சொல்ல வைக்கிறார். ஐந்து நிமிடம் இருமாமல் இருக்க முடிந்ததும் வேலை முடிந்த மாதிரிதான். வீட்டுக்குப் போன பின் உந்துதல் தலைகாட்டினால் தானே இதைச் செய்து பார்க்கச் சொல்லி அனுப்புகிறார். மாதக்கணக்கில் இருமிய பிள்ளை இருமாமல் வீட்டுக்குப் போகிறது. பிற்பாடு இதைக் காணொளி அழைப்பு வழியாகவும் செய்தார்கள். அப்படி ஒரு சிறுமிக்குச் செய்த அமர்வின் பதிவை வெறுமனே பார்த்தே வேறு பிள்ளைகள் சிலருக்கு இருமல் நின்றதாக வைன்பெர்கர் எழுதியிருக்கிறார்.

இதே இருமலுக்கு நியூயார்க்கைச் சேர்ந்த கோலனும் ஸ்டோனும் 1984இல் வேறொரு உத்தியை எழுதினார்கள். இருமி இருமி மார்புத் தசை பலவீனமாகிவிட்டது, தாங்கிப் பிடித்தால் இருமல் நிற்கும் என்று பிள்ளையிடம் சொல்லி, படுக்கை விரிப்பை மார்பைச் சுற்றி இறுகக் கட்டிவிடுவது. ஓரிரு நாளில் பெரும்பாலோருக்கு நின்றது. விளைவில் குறை சொல்ல முடியாது. ஆனால் எனக்கு அயோவா முறைதான் உயர்ந்ததாகப் படுகிறது: அங்கே பிள்ளையிடம் பொய் சொல்லப்படவில்லை, உடம்பில் நடப்பது இன்னதென்று சொல்லப்பட்டது, நிறுத்திய பெருமையும் பிள்ளைக்கே போகிறது.

துணி கட்டி நிற்கும் இருமல் திருநீறு போட்டும் நிற்கும். வேப்பிலை அடித்து மந்திரித்த பிறகும், தர்காவில் ஓதித் தண்ணீர் தெளித்த பிறகும் இருமல் விட்டது என்று சொல்கிறவர்களை நான் கேலி செய்வதில்லை. அந்தப் பிள்ளையின் இருமல் எந்த வகை என்று கேட்பேன். வறட்டு இருமலாக இருந்து, தூக்கத்தில் வராமல் இருந்திருந்தால், நின்றதில் வியப்பில்லை. நம்பிக்கையோடு சொல்லப்பட்ட ஒரு சொல் அங்கே வேலை செய்திருக்கிறது. சளி உருளும் இருமலோடு மூன்று வயதுப் பிள்ளையை அதே இடத்துக்குத் தூக்கிப் போய் மாதக்கணக்கில் காத்திருந்தால், அந்த நம்பிக்கைக்குப் பிள்ளையின் நுரையீரல் விலை கொடுக்கும்.

ஏனென்றால் தவறவிட்டால் நேரும் கேடு இரண்டுக்கும் சமமில்லை. பாக்டீரிய அழற்சி உள்ள பிள்ளைகளை இரண்டாண்டு தொடர்ந்து பார்த்து 2016இல் வெளியான பிரிஸ்பேன் ஆய்வில், நூற்றுக்கு எட்டுப் பேர் அளவுக்கு மூச்சுக்குழல் விரிவு நோய் கண்டறியப்பட்டது. ஆண்டில் மூன்று தடவைக்கு மேல் இந்த இருமல் திரும்பியவர்களுக்கே ஆபத்து கூடுதல். மூச்சுக்குழல் நிரந்தரமாக விரிந்துவிட்டால் ஆயுள் முழுக்கச் சளிதான். ஆன் சாங் இந்தத் துறைக்குள் இவ்வளவு தீவிரமாக இறங்கியதற்கு மத்திய, வட ஆஸ்திரேலியப் பூர்வகுடிப் பிள்ளைகளிடையே இந்த நோய் மிக அதிகமாக இருப்பது ஒரு முக்கியக் காரணம். அங்கே எந்தப் பிள்ளையைப் பார்த்தாலும் சளி இருமலோடு இருப்பதால், பிள்ளை என்றால் அப்படித்தான் என்று குடும்பத்தாரும் சுகாதாரப் பணியாளர்களும் பழகிப்போயிருந்தார்கள். ‘அவனுக்குச் சளி உடம்பு’ என்று நாம் சொல்லிவிட்டுப் போவதும் அந்தப் பழக்கந்தான்.

பழக்க இருமல் நுரையீரலை ஒன்றும் செய்யாது. கேடு முழுவதும் சிகிச்சையால் வருவது. தேவையில்லாத ஸ்டீராய்டு, தேவையில்லாத சி.டி. ஸ்கேன், பள்ளிக்குப் போகாத மாதங்கள். மான்டிலுகாஸ்ட் மாத்திரை சில பிள்ளைகளுக்குக் கெட்ட கனவு, எரிச்சல், மனச்சோர்வு உண்டாக்கலாம் என்பதால் 2020இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் அதன் உறையில் மிகக் கடுமையான எச்சரிக்கையைப் போட வைத்தது. ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு அந்த ஆபத்தை எடைபோட்டு மருந்து கொடுப்பதில் நியாயம் உண்டு. ஆஸ்துமாவே இல்லாத பிள்ளைக்கு எந்த நியாயமும் இல்லை.

சிரப் விஷயம் இன்னும் மோசம். இரண்டு இருமலுக்கும் அதனால் பயனில்லை. 2025 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் இருபதுக்கும் மேற்பட்ட சிறு பிள்ளைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட இருமல் சிரப்பில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு கலந்திருந்தது. அது தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். சாதாரண சளிக்கும் இருமலுக்கும் அந்தப் பிள்ளைகளுக்குச் சிரப் அவசியமே இல்லை என்பது அந்தச் செய்திகளில் அதிகம் பேசப்படாமல் போயிற்று.

இனிக் காசநோய். தமிழ்நாட்டில் இருமும் பிள்ளைக்கு ஆஸ்துமாவுக்கு அடுத்தபடி ஒட்டப்படும் பெயர் ‘பிரைமரி காம்ப்ளக்ஸ்’. மெலிந்த உடம்பு, சரியாகச் சாப்பிடுவதில்லை, அடிக்கடி சளி, கழுத்தில் சின்ன நெறிகட்டி. மான்டூ ஊசி போட்ட இடம் தடித்துவிட்டால் ஆறு மாதம் மாத்திரை. மான்டூ தடிப்பது காசநோய்க் கிருமி என்றோ உடம்புக்குள் வந்திருக்கிறது என்பதைச் சொல்லும். இப்போதைய இருமலுக்கு அதுதான் காரணம் என்று சொல்லாது. எடை குறைதல், விடாத காய்ச்சல், வீட்டில் காசநோயாளி, எக்ஸ்ரே மாற்றம், சளியில் அல்லது இரைப்பை நீரில் கிருமி என்று மற்றவையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. காசநோய் மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின், ஹீமோஃபிலஸ் உள்ளிட்ட பிற கிருமிகளையும் அடிக்கக்கூடியது. பாக்டீரிய அழற்சி உள்ள பிள்ளைக்குத் தவறாக அதைக் கொடுத்தாலும் இருமல் நின்றுவிட வாய்ப்புண்டு. நின்றதும், ‘பார்த்தீர்களா, பிரைமரி காம்ப்ளக்ஸ்தான்’ என்று தவறே சான்றாகிவிடும். அதற்காகக் காசநோயைத் தேடாமல் விட்டுவிடலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோ காய்ச்சலோ உள்ள பிள்ளைக்கு, அதுவும் எடை இறங்கினால், முதலில் அதைச் சோதித்து ஒதுக்கிவிட்டுத்தான் மற்றவை.

ஆஸ்துமாவோடு வரும் குழப்பத்துக்கு ஒரு காரணம் நாம் பேசும் விதத்திலேயே இருக்கிறது. நெஞ்சில் கர்கர் என்று சளி உருண்டாலும் தாய்மார்கள் இப்போது ‘வீசிங்’ என்றே சொல்கிறார்கள். மருத்துவர் அந்தச் சொல்லைக் கேட்டதும் இன்ஹேலரை எழுதுகிறார். பிற நாடுகளிலும் பெற்றோர் வீசிங் என்று சொல்வதும் மருத்துவர் மனதில் நினைப்பதும் ஒன்றாக இருப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் இருமல் ஈரமா வறட்டா என்று கேட்டால் பெற்றோரின் பதில் பெரும்பாலும் மருத்துவரின் கணிப்போடு ஒத்துப்போகிறது. நுண்குழாய் விட்டுப் பார்த்த சளியோடும் ஒத்துப்போகிறது என்பது பிரிஸ்பேன் குழு கண்ட இன்னொரு விஷயம். நோயின் பெயரைச் சொல்லாதீர்கள், சத்தத்தைச் சொல்லுங்கள்.

எல்லாப் பிள்ளையும் இந்த இரண்டு கட்டங்களுக்குள் அடங்கிவிடாது. கடலை, புளியங்கொட்டை தின்றுகொண்டிருந்தபோது புரையேறி அன்றிலிருந்து இருமும் பிள்ளைக்கு இந்தக் கட்டுரை பொருந்தாது. உடனே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். இருமி இருமி முகம் சிவந்து கடைசியில் கூவலோடு மூச்சிழுத்து வாந்தியெடுத்தால் கக்குவானை நினைக்க வேண்டும். இருமலில் ரத்தம், எடை இறங்குதல், பால் குடிக்கும்போதெல்லாம் இருமல், பிறந்ததிலிருந்தே இருமல், விரல் நுனி தடித்திருத்தல் ஆகியவை எதுவும் காத்திருக்கக்கூடியவை அல்ல. கண் சிமிட்டல், தோள் குலுக்கல் போன்றவையும் சேர்ந்து பல மாதமாக இருந்தால் அது நரம்பு சார்ந்த டிக் வகை. ஒரே அமர்வில் நிற்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. இரவில் மோசமாகி, விசில்போல் இழுத்து, இன்ஹேலருக்கு உடனே அடங்கும் இருமல் உண்மையிலேயே ஆஸ்துமாதான். அந்தப் பிள்ளையின் இன்ஹேலரை யாரும் இதைப் படித்துவிட்டு நிறுத்த வேண்டாம்.

இரண்டில் எதைத் தவறவிடுவது பெரிய குற்றம் என்று கேட்டால், பாக்டீரிய அழற்சியைத் தவறவிடுவது ஆபத்து அதிகம் என்பேன். பழக்க இருமலைத் தவறவிடுவதற்குச் சமாதானம் குறைவு. முதலாவதை உறுதி செய்ய இரண்டு வாரம் மருந்து கொடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது, காசநோயை ஒதுக்க வேண்டியிருக்கிறது, மருத்துவருக்கும் தயக்கம் வருவது இயல்பு. இரண்டாவதற்கு, ‘தூங்கும்போது இருமுகிறதா?’ என்ற ஒரு கேள்வி போதும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு நோயாளியைப் பார்க்கும் கிளினிக்கில் அந்தக் கேள்விக்கு நேரமில்லாமல் போகிறது. கால் மணி நேரம் பிள்ளையோடு உட்கார்ந்து பேசுவதற்கோ, எழுதிக் கொடுக்க ஒரு மருந்தும் இல்லாதபோது பீஸ் வாங்குவதற்கோ நம் மருத்துவ முறையில் வழக்கமும் இல்லை.

ஆகவே கேள்வி வரும் என்று காத்திருக்காதீர்கள். பிள்ளை பகலில் இருமும்போது ஒரு தடவை, நன்றாகத் தூங்கியபின் நடு இரவில் ஒரு தடவை செல்போனில் பதிந்துகொள்ளுங்கள். இருமல் தொடங்கிய தேதி, ஈரமா வறட்டா என்பது, இதுவரை கொடுத்த ஆன்டிபயாடிக்கின் பெயர், எத்தனை நாள் கொடுத்தீர்கள் என்பது, இவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் மருத்துவர் மேசையில் வையுங்கள்.